அண்டக் கதிர்களின் கதை – 17: திசை இழந்த துகள்களின் சாட்சியம்

இதுவரை: 1912 ஆகஸ்ட் 7 அன்று விக்டர் ஹெஸ் பலூனில் 5 கிலோமீட்டருக்கு மேல் ஏறி, உயரே போகப் போகக் கதிர்வீச்சு கூடுவதைக் கண்டார். அது வானத்திலிருந்து பொழியும் மின்னூட்டத் துகள்களின் மழை என்பது பின்னர் தெளிவாயிற்று. 1949இல் சிகாகோவில் என்ரிகோ ஃபெர்மி, விண்மீன்களுக்கு இடையே அலையும் காந்த மேகங்களில் மோதி மோதியே இத்துகள்கள் ஆற்றல் பெறுகின்றன என்றார். 1953இல் அவரும் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகரும் சேர்ந்து, விண்மீன் ஒளி அதிரும் தளங்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதைக் கொண்டே பால்வெளியின் காந்தப்புலம் 7 மைக்ரோகாஸ் அளவில் இருக்கும் என்று கணித்தார்கள். 1954 நவம்பர் 28 அன்று ஃபெர்மி மறைந்தார்.

அவர் விட்டுச் சென்ற சித்திரத்தில் ஒரு பெரிய இடைவெளி இருந்தது. குலைந்த காந்தப்புலம் ஒரு துகளைத் திருப்பி அனுப்புவதை அதுவரை யாரும் கண்டதில்லை. அந்த இடைவெளி அடுத்த பதினைந்து மாதங்களில் நிரம்பியது.

* * *

எல்லாப் பக்கமிருந்தும்

அண்டக் கதிர்கள் எந்தப் பக்கமிருந்து வருகின்றன? கருவியை எங்கே திருப்பினாலும் விடை ஒன்றுதான்: எல்லாப் பக்கமிருந்தும், ஏறத்தாழ ஒரே அளவில். லட்சம் கோடி எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள துகள்களில்கூடத் திசைக்குத் திசை காணப்படும் வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. நம் பால்வெளி மண்டலமோ தட்டையானது. நாம் அதன் மையத்திலும் இல்லை. மையத்திலிருந்து ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு தள்ளி இருக்கிறோம். அதனால்தான் விண்மீன்கள் வானில் ஒரு பட்டையாகக் குவிந்து தெரிகின்றன. துகள்களும் ஒளியைப்போல நேர்க்கோட்டில் வந்திருந்தால் அதே பட்டையிலிருந்துதான் மிகுதியாக வந்திருக்க வேண்டும். அப்படி வரவில்லை.

இதை ஒரு பெரிய இழப்பாகவே பலரும் பார்த்தார்கள். துகள் எங்கே பிறந்தது என்று சொல்ல வேண்டிய திசை வழியிலேயே அழிந்துவிட்டால், அதைப் பிடித்து என்ன பயன் என்பது அவர்கள் கவலை. இந்த வாரம் நான் நிறுவ விரும்புவது இதற்கு நேர்மாறானது. திசை அழிந்ததே ஒரு சான்று. இந்தத் துறைக்குக் கிடைத்த மிகச் சிறந்த சான்றும் அதுதான். ஒரு துகள் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரத்தில் தன் திசையை இழக்கிறது என்று அளந்தால், அது கடந்து வந்த காந்தப்புலம் எந்த அளவுக்குக் குலைந்து கிடக்கிறது என்பதை அளந்ததாகிவிடும். கோள்களிடை வெளிக்கு ஒரு விண்கலம்கூடப் போகாத காலத்திலேயே அந்த அளவீடு நடந்துவிட்டது என்பதுதான் இக்கதையின் வியப்பு.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. துகள்களின் பிறப்பிடங்களே எல்லாத் திசைகளிலும் பரவியிருந்தால், சிதறல் எதுவும் இல்லாமலேயே எல்லாப் பக்கமிருந்தும் அவை சமமாக வரலாமே? சமநிலை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அதன் காரணத்தைச் சொல்லிவிட முடியாது. மேலும் 1949இலேயே எட்வர்ட் டெல்லர், ராபர்ட் ரிக்ட்மையர், ஹானஸ் ஆல்ஃப்வேன் ஆகியோர் அண்டக் கதிர்கள் சூரியனிலிருந்தே பிறந்து சூரியக் குடும்பத்துக்குள்ளேயே ஒரு காந்தப்புலத்தால் அடைபட்டுக் கிடக்கின்றன என்று ஃபெர்மிக்கு எதிராக வாதிட்டிருந்தார்கள். இரு தரப்புக்கும் காந்தப்புலம் தேவைப்பட்டது. இரு தரப்பிடமும் நேரடிச் சான்று இல்லை. வழக்கைத் தீர்க்க வேண்டுமானால் இடமும் தெரிந்த, நேரமும் தெரிந்த ஒரே ஒரு மூலம் வேண்டும். அதிலிருந்து ஒரே வீச்சில் துகள்கள் புறப்பட வேண்டும். புறப்பட்டவை திசை இழக்கின்றனவா என்று பூமியில் பல இடங்களிலிருந்து ஒரே சமயத்தில் பார்க்க வேண்டும்.

எந்த ஆய்வகத்தாலும் செய்ய முடியாத அந்தச் சோதனையைச் சூரியனே செய்து காட்டியது.

* * *

1956 பிப்ரவரி 23

உலக நேரப்படி அதிகாலை மூன்றரை மணியளவில் சூரியனின் மேற்கு விளிம்பருகே ஒரு பெரும் வெடிப்பு நிகழ்ந்தது. பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் பூமியில் இருந்த அண்டக் கதிர்க் கருவிகளின் எண்ணிக்கை எகிறத் தொடங்கியது. ஒளி சூரியனிலிருந்து இங்கு வர 8 நிமிடம் 20 விநாடி ஆகும். இந்தத் துகள்கள் ஏறக்குறைய ஒளியின் வேகத்திலேயே வந்திருந்தன.

பிரிட்டனில் அப்போது விடியவில்லை. சிகாகோவில் முந்தைய நாள் இரவு பத்து மணியை நெருங்கிக்கொண்டிருந்தது. சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருந்த ஊர்களிலும் சூரியனின் துகள்கள் கொட்டின. லீட்ஸ் நகரக் கருவி வழக்கமான அளவைப்போல் நாற்பது மடங்குக்கு மேல் காட்டியது.

அந்தக் கருவியைக் கொஞ்சம் அருகே சென்று பார்க்க வேண்டும். நியூட்ரான் கண்காணிப்பான் என்று அதற்குப் பெயர். 1948இல் சிகாகோவின் ஜான் சிம்ப்சன் உருவாக்கியது. விண்ணிலிருந்து வரும் துகள் காற்று மண்டலத்தின் அணுக்கருக்களை உடைக்கும்போது சிதறும் நியூட்ரான்கள் இதற்குள் நுழைகின்றன. ஈயப் பாளங்களில் மோதி மேலும் நியூட்ரான்களைக் கிளப்புகின்றன. அவை பாரஃபின் மெழுகில் பட்டுப்பட்டு வேகம் குறைந்து, போரான் டிரைஃபுளூரைடு வாயு நிரம்பிய குழாய்களில் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன. பழைய கருவிகளுக்கு எட்டாத, ஆற்றல் குறைந்த அண்டக் கதிர்களையும் இது உணரும். சூரியத் துகள்கள் பெரும்பாலும் அந்த ரகத்தைச் சேர்ந்தவைதான். சிகாகோ, கொலராடோ மலைமேல் கிளைமேக்ஸ், மெக்ஸிகோ நகரம், பெருவில் ஹுவான்காயோ என்று சிம்ப்சன் இவற்றை வரிசையாக நிறுவியிருந்தார். ஒன்று ஆர்னெப் என்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பலில் ஏறி, அன்று நியூசிலாந்தின் வெலிங்டன் துறைமுகத்தில் இருந்தது. பூமியின் காந்தப்புலம் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வோர் ஆற்றலுக்குக் கீழுள்ள துகள்களைத் தடுத்துவிடும். ஆகவே வெவ்வேறு அகலாங்குகளில் நின்ற இந்தக் கருவிகள் ஒன்றுசேர்ந்து, எந்த ஆற்றலுள்ள துகள் எப்போது எந்தப் பக்கமிருந்து வந்தது என்று சொல்லக்கூடியவையாக இருந்தன.

பீட்டர் மேயர், யூஜின் பார்க்கர், ஜான் சிம்ப்சன் மூவரும் அதே ஆண்டில் இந்தத் தரவுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இரவுப் பக்கத்தில் துகள் விழுந்ததை மட்டும் வைத்து அவர்கள் எந்த முடிவுக்கும் வரவில்லை. பூமியின் காந்தப்புலமே துகள்களை வளைத்து இருண்ட பக்கத்துக்குக் கொண்டுவர முடியும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த வளைவைக் கணக்கிட்டால், நேராகச் சூரியத் திசையிலிருந்து வரும் துகள்கள் பூமியின் எந்தெந்தப் பகுதிகளில் விழும் என்று வரையறுக்கலாம். முதல் சில நிமிடங்களில் சில நிலையங்கள் வேகமாகவும் மற்றவை மெதுவாகவும் ஏறின. அதாவது தொடக்கத்தில் திசை இருந்தது. பிறகு அந்த வேறுபாடு கரைந்தது. எல்லா நிலையங்களும் எல்லாப் பக்கமிருந்தும் சமமாகத் துகள் வருவதாகவே காட்டத் தொடங்கின. ஒரே மூலத்திலிருந்து வந்த துகள்கள், அதுவும் சூரியனிலிருந்து பூமிக்கு உள்ள சிறிய தூரத்துக்குள், எல்லாத் திசைகளுக்கும் உரியவையாகிவிட்டன.

அடுத்த சான்று இன்னும் நுட்பமானது. துகள்கள் நேராகப் பறந்திருந்தால் வந்த வேகத்தில் கடந்து போயிருக்க வேண்டும். பொழிவு நிமிடங்களில் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அது மணிக்கணக்கில் நீடித்தது. அது தணிந்த விதத்திலும் ஓர் ஒழுங்கு இருந்தது: கழிந்த நேரம் நான்கு மடங்கானால் அளவு எட்டில் ஒன்றாகக் குறைந்தது. விரவல் என்று இயற்பியல் சொல்லும் நிகழ்வின் அடையாளம் இதுதான். தற்போக்கில் திசை மாறி மாறி அலையும் துகள், நேரம் நான்கு மடங்கானால் தொடக்க இடத்திலிருந்து இரண்டு மடங்கு தூரமே போயிருக்கும். அந்தத் தூரம் இரண்டு மடங்கானால் துகள்கள் பரவிய கனஅளவு எட்டு மடங்காகும். அடர்த்தி எட்டில் ஒன்றாகும். அன்றைய எண்ணிக்கைகள் அந்த வளைகோட்டின் மேலேயே இறங்கின.

சூரியனே மணிக்கணக்கில் துகள்களை உமிழ்ந்துகொண்டிருந்தது என்று சொல்லிவிட்டால் என்ன? அப்போதும் நீண்ட நேரம் பொழிவு இருக்குமே? இருக்கும். ஆனால் புதிது புதிதாகப் புறப்பட்டு வரும் துகள்கள் முதல் நிமிடங்களில் காட்டிய திசைச் சார்பையே கடைசிவரை காட்டியிருக்கும். பிந்தி வந்த துகள்களோ சார்பு எதையும் காட்டவில்லை. தாமதமும் திசை இழப்பும் ஒன்றாக வந்தன. இரண்டுக்கும் பொதுவான காரணம் ஒன்றுதான் இருக்க முடியும்: வழியில் அவை திரும்பத் திரும்பச் சிதறின.

* * *

இடிந்த சுவர்

சிதறல் உறுதியாயிற்று. சிதறடித்தது எங்கே இருந்தது?

மேயர், பார்க்கர், சிம்ப்சன் ஒரு வரைபடம் தந்தார்கள். சூரியனைச் சுற்றிப் பூமியின் பாதையையும் தாண்டி ஏறத்தாழக் காந்தப்புலமே இல்லாத ஒரு வெற்றிடம். அதற்கு அப்பால் நூறாயிரத்தில் ஒரு காஸ் அளவுள்ள குலைந்த புலங்களால் ஆன ஒரு தடுப்பு மண்டலம். முதலில் வந்த துகள்கள் வெற்றிடத்தில் நேராக ஓடி வந்தன. தடுப்பில் பட்டுத் திரும்பியவை எல்லாப் பக்கமிருந்தும் வந்து நிறைத்தன. பிறகு மெல்ல மெல்லத் தடுப்பின் வழியே வெளியே கசிந்தன. எல்லாத் தரவுகளையும் விளக்கிய அழகான சித்திரம். அதை உடைத்தவர் அதை எழுதியவர்களில் ஒருவரே.

1958இல் பார்க்கர் இன்னொரு கட்டுரை எழுதினார். சூரியனின் வெளிப்புறமான கொரோனா பத்து லட்சம் டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. அவ்வளவு சூடான வாயுவைச் சூரிய ஈர்ப்பால் அடக்கி வைக்க முடியாது. அது விநாடிக்குப் பல நூறு கிலோமீட்டர் வேகத்தில் இடைவிடாமல் வெளியே பாய வேண்டும். பாயும் வாயு தன்னோடு காந்தக் கோடுகளையும் இழுத்துச் செல்லும். சூரியன் சுழல்வதால் அந்தக் கோடுகள் சுருளாக வளையும். பூமி இருக்கும் தூரத்தில் ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் நிற்கும். அதாவது பூமியைச் சுற்றிக் காந்தப்புலமற்ற வெற்றிடம் என்று ஒன்று கிடையாது.

கட்டுரையைப் படித்த மதிப்பீட்டாளர் இருவரும் அதை நிராகரிக்கச் சொன்னார்கள். இதழின் ஆசிரியர் சந்திரசேகர். அந்தக் கருத்து அவருக்கும் உவப்பாக இல்லை. ஆனால் மறுத்தவர்கள் கணக்கில் ஒரு பிழையையும் சுட்டிக்காட்டவில்லை என்பதைக் கவனித்தார். கட்டுரை வெளிவந்தது.

1962இல் மாரினர் 2 வெள்ளிக் கோளை நோக்கிப் போகும் வழியில் மாதக்கணக்கில் அளந்தது. சூரியக் காற்று ஒரு கணமும் நிற்காமல் வீசிக்கொண்டே இருந்தது. வெற்றிடமும் சுவரும் கொண்ட 1956இன் வரைபடம் அத்தோடு முடிந்தது.

வரைபடம் தவறென்றால் அதன் மேல் எழுப்பிய முடிவும் தவறுதானே என்று ஒருவர் கேட்கலாம். இங்கே இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குலைந்த புலம் எங்கே இருக்கிறது என்பது ஊகம். துகள்கள் திசை இழந்து விரவின என்பது அளவீடு. பார்க்கர் ஊகத்தை மாற்றினார். அளவீட்டை அவர் தொடவில்லை. புதிய சித்திரம் அளவீட்டை முன்னைவிட நன்றாகவே விளக்கியது. வெடிப்பு சூரியனின் மேற்கு விளிம்பருகே நடந்ததும், முதல் துகள்கள் அவ்வளவு விரைவாக வந்ததும் இனித் தற்செயல் அல்ல. சுருள் கோடுகள் பூமியைச் சூரியனின் மேற்குப் பாதியோடுதான் இணைக்கின்றன. துகள்கள் அந்தப் பாதை வழியே வந்தன. கோடுகள் மொத்தத்தில் சுருளாக இருந்தாலும் நெடுகிலும் நெளிவும் சுருக்கமும் கொண்டவை என்பதால், பின்னால் வந்தவை அந்த நெளிவுகளில் சிதறின.

இன்னொரு பழைய புதிரும் இதனால் அவிழ்ந்தது. சூரியப் புள்ளிகள் மிகும் ஆண்டுகளில் அண்டக் கதிர்கள் குறைகின்றன, புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் கதிர்கள் கூடுகின்றன என்று ஸ்காட் ஃபோர்புஷ் 1954இல் காட்டியிருந்தார். பால்வெளியிலிருந்து வரும் துகள் சூரியக் குடும்பத்துக்குள் விரவி நுழையப் பார்க்கிறது. காற்றோடு வெளியே போகும் காந்த நெளிவுகள் அதைச் சிதறடித்துச் சிதறடித்துத் தங்களோடு வெளியே தள்ளுகின்றன. உள்ளே வருவதற்கும் வெளியே தள்ளப்படுவதற்கும் நடக்கும் இழுபறியின் விளைவையே பூமியில் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். சூரியப் புயல் ஒன்று கடந்து செல்லும்போது சில மணி நேரத்தில் கதிர்கள் சடாரென்று குறைவதையும் ஃபோர்புஷ்தான் முதலில் கண்டார். இன்று உதகமண்டலத்தில் இயங்கும் கிரேப்ஸ்-3 ஆய்வகத்தின் மியூவான் கருவிகள் அந்தச் சரிவுகளைத் தொடர்ந்து பதிவு செய்கின்றன. சரிவின் ஆழம் ஆற்றலுக்கு ஆற்றல் எப்படி மாறுகிறது என்பதிலிருந்து, புயலின் முகப்பில் காந்தக் கொந்தளிப்பு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். துகளைக் கொண்டு புலத்தை அளக்கும் அதே வழிதான்.

* * *

அலையும் சுருளும்

இதுவரை சிதறல் என்பது ஒரு பெயராகவே இருந்தது. அது நடக்கும் விதத்தை 1966இல் சிகாகோவின் ஜே. ஆர். ஜோக்கிபி கணக்காக எழுதினார்.

பூமியருகே கோள்களிடைக் காந்தப்புலம் ஏறத்தாழ 5 நானோடெஸ்லா. நம் காலடியில் உள்ள புலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நூறு கோடி எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள ஒரு புரோட்டான் அதில் போடும் வட்டத்தின் ஆரம் பதினோரு லட்சம் கிலோமீட்டர் இருக்கும். நிலவு இருக்கும் தூரத்தைப்போல் மூன்று மடங்கு. இப்படி வட்டமிட்டுக்கொண்டே அது காந்தக் கோட்டின் வழியே ஒரு சுருள் பாதையில் முன்னேறுகிறது. கோட்டில் எல்லா அளவிலும் நெளிவுகள் உண்டு. எந்த நெளிவு துகளைத் திருப்பும்? கடலில் ஒரு கட்டுமரத்தைப் பாருங்கள். கட்டுமரத்தைவிடப் பன்மடங்கு நீண்ட அலை அதை மெல்லத் தூக்கி மெல்ல இறக்கிவிடும். சிற்றலைகள் அடியில் சலசலத்துவிட்டுப் போகும். அலையின் நீளமும் மரத்தின் நீளமும் ஒத்துப்போகும்போதுதான் அது தூக்கி அடிக்கப்படும். துகளுக்கும் அப்படியே. மிக நீண்ட நெளிவின் வளைவோடு வளைந்து அது போய்விடும். மிகச் சிறிய நெளிவுகள் ஒரு சுற்றுக்குள்ளேயே ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஒரு சுற்று முடிவதற்குள் துகள் முன்னேறும் தூரமும் நெளிவின் நீளமும் ஒத்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே பக்கமாகத் தள்ளு விழுகிறது. சுருளின் சாய்வு சிறிது மாறுகிறது. அடுத்த நெளிவுத் தொகுதி வேறொரு பக்கம் தள்ளுகிறது. ஒவ்வொரு தள்ளும் சிறியது. ஆனால் அவை சேர்ந்து சேர்ந்து ஒரு கட்டத்தில் துகள் வந்த வழியே திரும்பிவிடுகிறது.

இந்தக் கணக்கின் பெருமை, அதைச் சோதித்துப் பார்க்க முடியும் என்பதில் இருக்கிறது. நமது புரோட்டானோடு ஒத்துப்போகும் நெளிவு, விண்கலத்தின் காந்தமானியில் சில மணி நேரத்தில் ஏறி இறங்கும் அலைவாகப் பதிவாகும். எந்த நீளத்து நெளிவுகளில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று காந்தமானியின் பதிவிலிருந்து பட்டியலிட்டால், எந்த ஆற்றலுள்ள துகள் எவ்வளவு தூரம் போய்த் திசை இழக்கும் என்று அதிலிருந்தே கணித்துவிடலாம். 1964இல் செவ்வாயை நோக்கிப் புறப்பட்ட மாரினர் 4இன் பதிவுகளைக் கொண்டு 1968இல் ஜோக்கிபியும் பால் கோல்மனும் இதைச் செய்தார்கள். அதே 1968இல் ஜெர்மனியில் கிளாஸ் ஹாசல்மன், கெர்ட் விபரென்ஸோடு சேர்ந்து, இதையே இன்னும் பொதுவான வடிவில் எழுதினார். கடலலைகளின் புள்ளியியலில் தேர்ந்தவர் ஹாசல்மன். பூமியின் தட்பவெப்ப ஆய்வுக்காக 2021இல் நோபல் பரிசு பெற்றவரும் அவர்தான். ஒழுங்கற்ற அலைகளிலிருந்து ஒழுங்கான விளைவைக் கணித்தெடுக்கும் கலை மூன்று இடங்களிலும் ஒன்றே.

* * *

பத்து மடங்கு பிழை

ஒரு துகள் தன் திசையை முற்றிலும் இழப்பதற்குள் கடக்கும் தூரத்தைச் சராசரி மோதலிடைத் தூரம் என்கிறோம். சூரிய வெடிப்புகளிலிருந்து வந்த துகள்களை வைத்து அளந்தபோது அது பூமி–சூரியன் தூரத்தில் 0.08 முதல் 0.3 பங்கு வரை இருந்தது. பல்லாண்டு அளவீடுகளைத் தொகுத்து 1982இல் பால்மர் தந்த வரம்பு இது. காந்தமானிப் பதிவிலிருந்து கணித்த தூரமோ அதைவிட மிகக் குறைவு. சில ஆற்றல்களில் பத்து மடங்கு குறைவு. கணக்குச் சொன்னதைவிடத் துகள்கள் எளிதாகப் போய்க்கொண்டிருந்தன.

பத்து மடங்கு பிழைத்த கோட்பாட்டைக் கைவிட வேண்டியதுதானே? அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் பிழை எந்த இடத்தில் நுழைந்தது என்று பார்ப்பவர்களுக்குக் கிடைத்த விடை, இந்த வாரத்து வாதத்துக்கு மேலும் வலு சேர்க்கிறது. முதல் கணக்குகள் ஒரு வசதிக்காக எல்லா நெளிவுகளும் காந்தக் கோட்டின் நீளவாக்கில் அமைந்தவை என்று எடுத்துக்கொண்டன. ஒரு விண்கலம் ஒரே கோட்டில்தான் அளக்கிறது. நெளிவு நீளவாக்கிலா குறுக்குவாக்கிலா என்று அந்தப் பதிவை மட்டும் வைத்துச் சொல்வது கடினம். குறுக்குவாக்கில் மாறும் நெளிவுகள் மொத்த ஆற்றலில் சேரும்; ஆனால் சுருளோடு ஒத்துப்போகாது; துகளைத் திருப்பாது. 1994இல் ஜான் பீபரும் உடன் ஆய்வாளர்களும் ஏறத்தாழ 80 விழுக்காடு ஆற்றல் குறுக்குவாக்கிலும் 20 விழுக்காடு மட்டும் நீளவாக்கிலும் இருப்பதாகக் கொண்டால் கணக்கும் அளவீடும் நெருங்கிவிடுவதைக் காட்டினார்கள். காந்தமானிக்கு எளிதில் பிடிபடாத கொந்தளிப்பின் வடிவத்தைத் துகள்களின் பயணம் காட்டிக்கொடுத்தது. கோட்பாட்டின் அடிப்படை நின்றது. காந்தவெளி எப்படி நெளிந்து கிடக்கிறது என்பது பற்றிய நம் எண்ணம்தான் மாறியது.

* * *

கேள்வி பெரிதாகிறது

இப்போது சூரியக் குடும்பத்தை விட்டு வெளியே போவோம். பால்வெளித் தட்டின் தடிமன் ஏறத்தாழ ஆயிரம் ஒளியாண்டு. ஒளிவேகத்தில் நேராகப் பாயும் துகள் சில ஆயிரம் ஆண்டுகளில் வெளியேறிவிட வேண்டும். அண்டக் கதிர்களில் பெரிலியம்-10 என்ற கதிரியக்க அணு இருக்கிறது. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 14 லட்சம் ஆண்டு. அதில் எவ்வளவு சிதையாமல் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தால் துகள்கள் எவ்வளவு காலம் அலைந்தன என்று தெரியும். 1977இல் சிகாகோ குழுவினர், சிம்ப்சனும் உடனிருக்க, செயற்கைக்கோள் பதிவுகளிலிருந்து அதை அளந்தார்கள். விடை: ஏறத்தாழ ஒரு கோடியே எழுபது லட்சம் ஆண்டு. சூரியக் குடும்பத்துக்குள் மணிக்கணக்கில் நடந்த தாமதம் இங்கே கோடிக்கணக்கான ஆண்டுகளாக நீள்கிறது. காரணம் அதே வகையானது என்று நம்ப இடமுண்டு. 2016இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் ஏஎம்எஸ் கருவி, துகள்களின் அலைச்சலை அளக்க உதவும், போரானுக்கும் கார்பனுக்கும் உள்ள விகிதம் உயர் ஆற்றல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று என்ற அடுக்கில் சரிவதைக் காட்டியது. 1941இல் கோல்மகரோவ் எழுதிய கொந்தளிப்பு விதியிலிருந்து எதிர்பார்க்கப்படும் எண்ணும் அதுவே.

ஆனால் அந்தப் பொருத்தத்தை வைத்து வழக்கை முடித்துவிட முடியாது. பால்வெளியின் புலத்தில் அதே நூறு கோடி எலெக்ட்ரான்வோல்ட் புரோட்டானின் வட்ட ஆரம் ஏறத்தாழ இரண்டு கோடி கிலோமீட்டர். பூமி–சூரியன் தூரத்தில் எட்டில் ஒரு பங்கு. விண்மீன் வெடிப்புகள் கிளப்பும் கொந்தளிப்போ நூற்றுக்கணக்கான ஒளியாண்டு அளவில் தொடங்கி, உடைந்து உடைந்து இந்தச் சிற்றளவுக்கு இறங்கி வர வேண்டும். அப்படி இறங்கும்போது சுழல்கள் காந்தக் கோட்டின் வழியே நீண்டு மெலிந்துவிடுகின்றன என்று 1995இல் பீட்டர் கோல்ட்ரைக்கும் எஸ். ஸ்ரீதரும் காட்டினார்கள். மெலிந்த சுழல்கள் பலவற்றைத் துகள் ஒரே சுற்றில் கடந்துவிடும். தள்ளுகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். 2000இல் பெஞ்சமின் சந்திரன் கணக்கிட்டபோது, இந்தச் சிதறல் தேவைப்படும் அளவுக்கு எட்டாமல் வெகு கீழே நின்றது.

துகள்கள் கோடி ஆண்டுகள் அடைபட்டிருப்பது அளவீடு. அவற்றை அடைத்து வைக்கும் என்று நாம் நம்பிய கொந்தளிப்புக்கு அந்த வலு இல்லை என்பது கணக்கு. இரண்டும் உண்மையென்றால், சரியான நீளத்தில் சரியான திசையில் அலைகளை எழுப்பும் வேறொன்று பால்வெளியில் இருந்தாக வேண்டும்.

1969இலேயே ரஸ்ஸல் குல்ஸ்ரூடும் பியர்ஸும் ஒரு துணிச்சலான விடையைக் கணக்கோடு முன்வைத்திருந்தார்கள். கூட்டமாக ஒரே பக்கம் பாயும் அண்டக் கதிர்களே தமக்கு ஒத்த நீளத்தில் காந்த அலைகளைக் கிளப்புகின்றன; தாம் கிளப்பிய அலைகளிலேயே சிதறி வேகம் மட்டுப்படுகின்றன. அப்படியானால் கைதிகளே தம் சிறையைக் கட்டிக்கொள்கிறார்கள். ஆற்றல் ஏற ஏறத் துகள்களின் எண்ணிக்கையோ சரசரவென்று குறைகிறது. எண்ணிக்கை குறைந்தால் அலை எழுப்பும் வலுவும் குறைய வேண்டும். ஆனாலும் அந்த உயர் ஆற்றல் துகள்களும் எல்லாத் திசைகளிலிருந்தும் சமமாகவே வருகின்றன.

தமக்கென அலை எழுப்ப வலுவில்லாத அந்தத் துகள்களைச் சிதறடிப்பது எது?

(தொடரும்)